தார்ப்பாய், கேன்வாஸ்: மடிப்பு, பாதுகாப்பு, மறுபூச்சு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் வீட்டில் களத்து நெல்லை மூட ஒரு பெரிய கேன்வாஸ் படுதா இருந்தது. குறுவை அறுப்பு ஐப்பசி மழையில் மாட்டிக்கொள்கிற ஊர் என்பதால், வீட்டில் நகைக்கு அடுத்தபடி கவனமாகப் பார்த்துக்கொண்ட பொருள் அதுதான். பிற்பாடு கொல்லிமலை, ஏலகிரி, கொடைக்கானல் என்று நான் கூடாரம் தூக்கிக்கொண்டு போக ஆரம்பித்தபோது துணி மாறியது, பராமரிப்பு பெரிதாக மாறவில்லை. நண்பர்களும் அவர்களுடைய நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் பார்த்த வரையில் காட்டில் கிழிந்துபோன தார்ப்பாய்கள் கொஞ்சம்தான். வீட்டில் வைத்த இடத்திலேயே வீணாய்ப்போனவைதான் நிறைய. அதனால் பாதிப் பதில்கள் ஊர் திரும்பிய பிறகு செய்யவேண்டிய வேலைகளைப் பற்றியவை.

என்னிடம் இருப்பது எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் எதையும் பூச வேண்டாம். நம் ஊரில் நான்கு வகைதான் பெரும்பாலும் கையில் கிடைக்கும்.

முதலாவது பருத்திக் கேன்வாஸ். கனமாக இருக்கும், நூல் இழை கண்ணுக்குத் தெரியும், தண்ணீர் பட்டால் விறைக்கும். பழைய லாரிப் படுதாக்கள், ராணுவக் கூடாரங்கள் எல்லாம் இந்த இனம். இரண்டாவது கடைத்தெருவில் நீலம், மஞ்சள், கறுப்பு நிறத்தில் தொங்கும் பிளாஸ்டிக் தார்ப்பாய். பாலித்தீன் நாடாக்களை நெய்து, இரண்டு பக்கமும் மெல்லிய பாலித்தீன் படலம் ஒட்டியிருப்பார்கள். கசக்கினால் சரசரக்கும். 120 ஜிஎஸ்எம், 200 ஜிஎஸ்எம் என்று கடைக்காரர் சொல்வது ஒரு சதுர மீட்டரின் எடை, கிராமில். மூன்றாவது இப்போது லாரிகளில் போடுகிற பிவிசி பூசிய பாலியஸ்டர். ரப்பர் மாதிரி வழவழப்பு, நல்ல கனம். நான்காவது முகாம்காரர்கள் முதுகில் தூக்குகிற மெல்லிய நைலான் அல்லது பாலியஸ்டர். இதிலும் இரண்டு உண்டு: பாலியூரித்தேன் பூசியது, சிலிக்கான் பூசியது.

இந்த இரண்டு பூச்சையும் பிரித்தறிய ஒரு சுலபமான வழி: ஒரு துண்டு செலோடேப்பை இரு பக்கமும் ஒட்டிப் பாருங்கள். சிலிக்கான் பூச்சில் டேப் பிடிக்காமல் வழுக்கி வந்துவிடும், பாலியூரித்தேனில் நன்றாக ஒட்டும். சில துணிகளில் ஒரு பக்கம் அது, மறுபக்கம் இது என்று இருக்கும். அதனால் இரு பக்கமும் பார்ப்பது முக்கியம்.

தார்ப்பாய், படுதா, தறப்பாள் எல்லாம் ஒன்றா?

ஒன்றேதான், ஊர்தான் வேறு. கப்பல்களில் துணிக்குத் தார் பூசிய காலத்து ஆங்கிலச் சொல் நம் வாயில் தார்ப்பாய் ஆயிற்று. படகின் பாயும் படுக்கும் பாயும் நமக்கு ஒரே சொல் என்பதால் அழகாகப் பொருந்திவிட்டது. இலங்கையில் தறப்பாள் என்பார்கள்.

புதுக் கேன்வாஸ் வாங்கினேன், முதல் மழையிலேயே ஒழுகுகிறது. ஏமாந்துவிட்டேனா?

அநேகமாக இல்லை. பருத்தி நூல் ஈரம் குடித்தால் உப்பும். உப்பும்போது இழைகளுக்கு இடையிலும் தையல் ஊசி போட்ட துளைகளிலும் உள்ள சந்து அடைபடும். புதுத் துணிக்கு இந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை. வீட்டிலேயே விரித்துக் கட்டி, ஹோஸ் வைத்து முழுக்க நனைத்து, முழுக்கக் காயவிடுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் தையல் ஓரங்கள் இறுகிவிடும். முதல் நனைப்பில் துணி கொஞ்சம் சுருங்கும், அதனால் கயிறுகளை விறைப்பாகக் கட்ட வேண்டாம்.

இன்னொன்று. மழை பெய்துகொண்டிருக்கும்போது கேன்வாஸின் உள்பக்கத்தைத் தொடாதீர்கள், பையை அதில் சாய்த்து வைக்காதீர்கள். தொட்ட இடத்தில் நீர் உள்ளே இழுபட்டு அங்கிருந்து சொட்ட ஆரம்பிக்கும். பள்ளிக்கூடத்தில் ஸ்கவுட் முகாம் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

சோப்புப் போட்டுத் துவைக்கலாமா?

முடிந்தவரை வேண்டாம். மண்ணையும் சருகையும் காய்ந்த பிறகு மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்கள். மிச்சத்தைப் பச்சைத் தண்ணீரும் பஞ்சும் வைத்துத் துடைத்தால் போதும். பறவை எச்சம், மரப் பால், எண்ணெய்க் கறை மாதிரி போகாதவற்றுக்கு மட்டும் கொஞ்சம் மிதமான சோப்பு. அதையும் நுரை துளிகூட இல்லாமல் அலசிவிட வேண்டும். சலவைத் தூளின் மிச்சம் துணியில் தங்கினால் அது தண்ணீரை உள்ளே அழைத்துவரும். நீர் துளியாக உருண்டு ஓடாமல் துணியில் பரவிப் படியும்.

வாஷிங் மெஷினில் போடவே கூடாது. மெஷின் முறுக்கும் முறுக்கில் பூச்சு உரிந்துவிடும். ப்ளீச்சும் வேண்டாம், பருத்தியையும் நைலானையும் அது அரித்துவிடும்.

ஈரத்தோடு மடித்துத்தான் கிளம்ப வேண்டியிருந்தது. எவ்வளவு நேரம் தாங்கும்?

மலையில் இது தவிர்க்க முடியாதது. கொடைக்கானலில் மழையே இல்லாவிட்டாலும் விடியற்காலைப் பனி தார்ப்பாயை நனைத்துவிடும். ஓர் இரவு பேருந்தில் ஈரமாக வருவதால் கேடு ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் பிரிக்க வேண்டும், அவ்வளவுதான். நம் ஊர் வெக்கையில் இரண்டாம் நாளிலேயே பருத்தியில் பூஞ்சை வாசனை கிளம்பிவிடும்.

அலுப்பாக வந்து பையை மூலையில் போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறோமே, அங்கேதான் எல்லாம் கெடுகிறது. நானும் ஒருமுறை அப்படித்தான் விட்டேன். மூன்று வாரம் கழித்துப் பிரித்தால் உள் பூச்சு பிசுபிசுவென்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. நல்ல துணி, இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அன்றிலிருந்து குளிக்கப் போகும் முன் தார்ப்பாயைக் கொடியில் போட்டுவிட்டுத்தான் போகிறேன்.

அடுக்குமாடி வீட்டில் இடம் இல்லையே என்பார்கள். மாடிப்படிக் கைப்பிடி, கதவின் மேல்விளிம்பு, மின்விசிறிக்குக் கீழே இரண்டு நாற்காலி, எதுவானாலும் சரி. ஒரு மணிக்கு ஒருமுறை திருப்பிப் போடுங்கள். ஓரத்து மடிப்புத் தையலும் மூலையில் வைத்துத் தைத்த கனத்த துண்டும் கடைசியாகத்தான் காயும். விரலால் கிள்ளிப் பார்த்து, அங்கே குளிர்ச்சி தெரியாவிட்டால்தான் முழுதாகக் காய்ந்தது என்று பொருள்.

வெயிலில் காயவைக்கலாமா?

நிழலும் காற்றும் போதும். சித்திரை வெயிலில் நாள் முழுக்க விடுவது நைலானுக்கு ஆகாது, புற ஊதாக் கதிர் அதன் வலுவைத் தின்றுவிடும். மலிவான பிளாஸ்டிக் தார்ப்பாயின் கதி இன்னும் மோசம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு, வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கம் கூரை போன வீடுகளின் மேல் தார்ப்பாய்தான் இருந்தது. வெயிலைத் தாங்கும் சேர்மம் கலக்காத தார்ப்பாய் அப்படி மாதக்கணக்கில் வெயில் தின்றால் நார் நாராக உதிரும். வாங்கும்போதே "யுவி உள்ளதா" என்று கேட்டு வாங்குங்கள். கனத்தைவிட அதுதான் முக்கியம் என்பது என் எண்ணம்.

பூஞ்சை பிடித்த பருத்திக் கேன்வாஸுக்கு மட்டும் அரை நாள் நல்ல வெயில் மருந்து மாதிரி.

சரி, எப்படி மடிப்பது?

எப்படி வேண்டுமானாலும் மடியுங்கள், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே கோட்டில் மடிக்காதீர்கள். மடிப்புக் கோட்டில்தான் பூச்சு முதலில் வெடிக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பழைய தார்ப்பாயைப் பிடித்தால் கட்டம் கட்டமாகப் புள்ளி வெளிச்சம் தெரியும். அவ்வளவும் மடிப்பு மூலைகள்.

அப்பா செய்தது இது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று மூலைகளைப் பிடித்து மூன்று முறை உதறுவார்கள். பிறகு நீளவாக்கில் ஒரு மடிப்பு. ஆனால் ஓரத்தோடு ஓரம் சேர்க்காமல், ஒரு சாண் தள்ளி விடுவார். அடுத்த முறை இன்னொரு சாண். அதனால் மடிப்புக் கோடு ஒவ்வொரு தடவையும் நகர்ந்துகொண்டே இருக்கும். இன்னும் இரண்டு மடிப்பில் முழங்கை நீள அகலத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து மடிக்காமல் சுருட்டுவார். முகாம் தார்ப்பாயையும் நான் இப்படித்தான் செய்கிறேன். தனியாளாக இருந்தால் ஒரு பக்கக் கயிற்றை மரத்தில் கட்டியபடியே விட்டுவிட்டு மறுபக்கத்தை மடித்துக்கொண்டு போகலாம். தரையில் போட்டு மடித்தால் மண்ணும் முள்ளும் உள்ளே போய் அரம் மாதிரி தேய்க்கும்.

சிலிக்கான் பூசிய மெல்லிய துணிக்கு இதுவும் வேண்டாம். பையில் கைபோன போக்கில் திணித்தாலே போதும். ஒரே இடத்தில் மடிப்பு விழாது. பிவிசி தார்ப்பாயைச் சுருட்டி வைப்பதுதான் நல்லது.

கயிறுகளைத் தனித்தனியாக எட்டு வடிவில் விரலில் சுற்றி, நடுவில் ஒரு சுற்றுப் போட்டு அந்தந்த மூலையிலேயே விடுங்கள். கூடார ஆணிகளை மட்டும் வேறு பையில் வைக்க வேண்டும். ஆணியோடு சேர்த்துச் சுருட்டிக் கிழித்துக்கொண்டவர்கள் பலர்.

பரணில் போட்டு வைக்கலாமா?

ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே உள்ள பரண், கார் டிக்கி, மொட்டைமாடி அறை, இந்த மூன்றும் வேண்டாம். சூடும் ஈரப்பதமும் சேர்ந்தால் பாலியூரித்தேன் பூச்சு வேதியியல் ரீதியாகவே சிதைகிறது, தண்ணீர் அந்தப் பூச்சின் மூலக்கூறுச் சங்கிலியை வெட்டிவிடுகிறது. சிமென்ட் தரையும் ஆகாது, மழைக்காலத்தில் ஓதம் ஏறும். பலகை அல்லது கட்டில் மேல், வீட்டுக்குள் குளுமையான அலமாரியில் வையுங்கள். இறுக்கமான பிளாஸ்டிக் பையைவிடப் பழைய தலையணை உறை நல்லது, காற்று போய் வரும். தார்ப்பாய் வாங்கியபோது கூட வந்த சின்னப் பையில் இறுக்கித் திணித்து மாதக்கணக்கில் வைக்காதீர்கள். அந்தப் பை பயணத்துக்கு மட்டும்.

வருடத்தில் இரண்டு முறை பிரித்து உதற வேண்டும். நான் புரட்டாசியில் ஒரு தடவை, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன். தை பிறந்ததும் இன்னொரு தடவை.

எலியும் கரப்பானும்?

எலிக்குத் துணியில் ஆசை இல்லை, அதில் ஒட்டியிருக்கும் சோற்று வாசனையில்தான் ஆசை. சமைத்த இடத்துக்கு மேலே கட்டிய தார்ப்பாயைத் துடைத்துவிட்டு வையுங்கள். தகர டிரங்குப் பெட்டி இருந்தால் அதில் வைப்பது உத்தமம், ஆனால் எலும்பு மாதிரி காய்ந்த பிறகு மட்டும். வேப்பிலை போடுவதானால் காய்ந்த இலையாக இருக்கட்டும். பச்சை இலை ஈரத்தைக் கொண்டுவந்து கறையும் வைக்கும்.

கரும்புள்ளி வந்துவிட்டது. போகுமா?

பூஞ்சை போகும், கறை போகாது. முதலில் வெளியே கொண்டுபோய், மூக்கில் துணி கட்டிக்கொண்டு, காய்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். ஒரு பங்கு வினிகரில் நான்கு பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, ஒரு மணி நேரம் விட்டு, அலசி, முழுக்கக் காயவையுங்கள். பிறகு புள்ளி இருந்த இடத்தை இரு கையாலும் இழுத்துப் பாருங்கள். கேன்வாஸ் அங்கே "பிர்" என்று கிழிந்தால் பூஞ்சை இழையையே தின்றுவிட்டது, அந்தத் துண்டை வெட்டி ஒட்டுப் போட வேண்டியதுதான். தாங்கினால் கறையை மறந்துவிட்டு மறுபூச்சுக்குப் போகலாம்.

உள்பக்கம் நீர்த்துளி நிற்கிறது. ஒழுகல்தானே?

மழை இல்லாத இரவிலும் நின்றால் அது உங்கள் மூச்சு. இரண்டு பேர் தூங்கும் கூடாரத்தில் மூச்சிலிருந்து வரும் ஈரம் குளிர்ந்த துணியில் பட்டு நீராகிறது. மறுபூச்சு இதற்குத் தீர்வு ஆகாது, காற்று போக வழி விட வேண்டும். துளிகள் துணி முழுக்கச் சமமாக இருந்தால் மூச்சு என்றும், தையல் வரிசையிலோ மடிப்புக் கோட்டிலோ மட்டும் இருந்தால் ஒழுகல் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

பருத்திக் கேன்வாஸுக்கு வீட்டிலேயே மறுபூச்சு எப்படி?

இரண்டு வழி சொல்கிறேன், இரண்டும் நானே செய்தவை.

ஒன்று மெழுகு. பாரஃபின் (மெழுகுவத்தி செய்கிற மெழுகு) இரண்டு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு என்பது என் கணக்கு. பாரஃபின் மட்டும் போட்டால் மடிக்கும்போது வெடிக்கும், தேன்மெழுகுதான் அதற்கு வளைவு தருகிறது. தண்ணீர் கொதிக்கும் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்க வேண்டும், நேரடியாக அடுப்பில் வைக்கவே கூடாது. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகிவிடும், அதற்கு மேல் சூடு தேவையில்லை. உருகியதைச் சின்ன டப்பாவில் ஊற்றி ஆறவிட்டால் சோப்புக் கட்டி மாதிரி கிடைக்கும். சுத்தமான, காய்ந்த துணியின் வெளிப்பக்கம் அதை அழுத்தித் தேயுங்கள், தையல் மேல் இரண்டு தடவை. பிறகு ஹேர் டிரையரால் சூடு காட்டினால் மெழுகு இழைக்குள் இறங்கித் துணி சற்றுக் கறுக்கும். ஒரு நாள் ஆறவிடுங்கள். சட்டி சட்டியாக ஊற்ற வேண்டாம். நம் ஊர் வெயிலில் அதிக மெழுகு இளகி, மடித்த துணி ஒட்டிக்கொள்ளும்.

மெழுகு போட்ட துணி எரியும். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். 1944 ஜூலை 6 அன்று அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்ட் நகரில் ஒரு சர்க்கஸ் கூடாரம் நிமிடக் கணக்கில் எரிந்து, 160 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அந்தக் கேன்வாஸ், பாரஃபினைப் பெட்ரோலில் கரைத்துப் பூசியது. மெழுகுத் தார்ப்பாய்க்குக் கீழே அடுப்பு, கொசுவர்த்தி, மெழுகுவத்தி எதுவும் வேண்டாம். கரைக்கப் பெட்ரோல், மண்ணெண்ணெய் எதுவும் சேர்க்காதீர்கள்.

இரண்டாவது, படிகாரமும் சோப்பும். எனக்கு இதுதான் பிடித்தது. திருஷ்டிக்கு வாசலில் கட்டுகிற அதே வெள்ளைப் படிகாரம், நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். 500 கிராம் சலவை பார் சோப்பைச் சீவி 8 லிட்டர் சுடுநீரில் கரையுங்கள். சலவைத் தூள் உதவாது, கொழுப்பிலிருந்து செய்த உண்மையான சோப்பாக இருக்க வேண்டும். வேறு பாத்திரத்தில் 250 கிராம் படிகாரத்தை 4 லிட்டர் சுடுநீரில் கரையுங்கள். துணியை முதலில் சோப்பு நீரில் ஊறவைத்து, பிழிந்து, ஓரளவு காயவிட்டு, பிறகு படிகார நீரில் முக்கிக் காயப்போடுங்கள். சோப்பும் படிகாரத்தின் அலுமினியமும் சேர்ந்து, நீரில் கரையாத ஒரு பொருள் இழைக்குள்ளேயே படிகிறது. துணி கனம் ஏறாது, மூச்சுவிடும், மெழுகு மாதிரி ஒட்டாது. கொட்டும் மழையை மணிக்கணக்கில் நிறுத்துமா என்றால் நிறுத்தாது. சரிவாகக் கட்டினால் தூறலையும் நடுத்தர மழையையும் நன்றாகவே தள்ளும்.

ஆளி விதை எண்ணெய் பூசலாமா? பழைய என்ஜின் ஆயில்?

ஆளி விதை எண்ணெய் பழைய கப்பல்காரர்களின் வழி, வேலை செய்யும். ஆனால் எண்ணெய் துடைத்த துணிகளைக் கசக்கிக் குவித்து வைத்தால் அவை தாமாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தெரியாதவர்கள் தொட வேண்டாம். என்ஜின் ஆயிலை எந்தத் துணியிலும் பூசாதீர்கள். நாற்றம் போகாது, கீழே படுப்பவர் தோலுக்கும் ஆகாது.

மெல்லிய நைலான் தார்ப்பாய்க்கு?

சிலிக்கான் பூசியதற்குச் சிலிக்கான் மட்டுமே ஒட்டும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் நிறமற்ற நூறு சதச் சிலிக்கான் சீலன்ட் ஒரு பங்கு, பெயின்ட் கடை மினரல் டர்பன்டைன் மூன்று நான்கு பங்கு, எடைக்கணக்கில். மூடியுள்ள பாட்டிலில் குலுக்கிக் கலந்து, விரித்துக் கட்டிய துணியில் பஞ்சால் மெல்லிசாகத் தடவி, உடனே துடைத்துவிட வேண்டும். தையலுக்கு டர்பன்டைனைக் குறைத்து, குழம்பு பதத்தில் சின்ன பிரஷ்ஷால் பூசுங்கள். ஒரு நாள் காய்ந்ததும் முகப்பவுடர் தூவித் துடைத்தால் ஒட்டாது. வெட்டவெளியில், நெருப்பு இல்லாத இடத்தில் செய்ய வேண்டும். காடி வாசனை அடிக்கிற சிலிக்கான் பித்தளை வளையங்களை அரிக்கும், அதனால் "நியூட்ரல்" வகை கேட்டு வாங்குங்கள்.

பாலியூரித்தேன் துணியில் உள் பூச்சு பிசுபிசுத்துப் புளித்த வாந்தி வாசனை வந்துவிட்டால் அதற்கு மேல் பூசிப் பயனில்லை. உரித்தெடுத்துப் புதிதாகப் பூசுபவர்கள் உண்டு. அந்த உழைப்புக்குப் பெரும்பாலும் புதுத் துணியே மேல்.

நீல பிளாஸ்டிக் தார்ப்பாய்க்கு என்ன பூசலாம்?

எதுவும் பிடிக்காது. பாலித்தீனில் பசையோ பெயின்டோ தங்காது. சின்ன ஓட்டைக்கு இரு பக்கமும் பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் நாடா), அவ்வளவுதான்.

மூலை வளையம் பிய்ந்துவிட்டது, நாளைக் காலை மலைக்குக் கிளம்ப வேண்டும்.

ஒரு கூழாங்கல் போதும். நெல்லிக்காய் அளவு மழமழப்பான கல்லைத் துணிக்கு அடியில் வைத்து, மேலிருந்து கயிற்றைக் கழுத்துப் போல இறுக்கிக் கட்டுங்கள். வளையத்தைவிட இது உறுதி, ஏனென்றால் இழுவிசை ஒரு துளையின் விளிம்பில் விழாமல் துணியில் பரவுகிறது. எங்கே வேண்டுமோ அங்கே கட்டலாம். ஊர் திரும்பிய பின் செருப்புத் தைப்பவரிடமோ பை தைப்பவரிடமோ கொடுத்தால், மூலைக்கு ஒரு ஒட்டு வைத்து ஐலெட் அடித்துத் தருவார்கள்.

கட்டும்போது ஒரு பக்கத்தைத் தாழ்த்தி விடுவதை மறக்க வேண்டாம். ஒரு சதுர மீட்டரில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினால் 50 கிலோ. எந்த வளையமும் அதற்கு நிற்காது.

இனி தேறாது என்று எப்போது முடிவு செய்வது?

இழுத்தால் கிழிகிற கேன்வாஸ், ஒட்டுகிற பாலியூரித்தேன், உதிர்கிற பிளாஸ்டிக், இவை தலைக்கு மேல் கட்ட லாயக்கில்லை. உதிர்கிற பிளாஸ்டிக்கைக் காட்டுக்குக் கொண்டுபோகவே வேண்டாம், துணுக்குத் துணுக்காக அங்கேயே தங்கிவிடும். கேன்வாஸில் மட்டும் நல்ல பகுதி எப்போதும் மிஞ்சும். எங்கள் வீட்டுப் படுதாவை நான்காக வெட்டியபோது ஒரு துண்டை நான் வாங்கிக்கொண்டேன், இன்றைக்கும் கூடாரத்துக்கு அடியில் அதைத்தான் விரிக்கிறேன். அப்படி விரிப்பதானால் கூடாரத் தளத்தைவிட நான்கு பக்கமும் நான்கு விரல் சிறிதாக வெட்டுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழை அதில் விழுந்து, வழிந்து, நேராக உங்கள் முதுகுக்கு அடியில் வந்து நிற்கும்.